கொள்ளளவு

கம்ப்யூட்டர் டிஸ்க்கில் ஐநூற்று நாலு எம்.பி. இடம் போதும் என்று அன்றைக்கே எழுந்து கையைக் கழுவியிருந்தால் ஆனந்தனுக்கு இந்தக் கதி வந்திருக்காது. உண்மையில் அது போதுமானதற்கும் மேலே. ஆனால் அவன் குணம் அப்படி. அரைகுறை வேலை அவனுக்கு ஆகாது. ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டால் அது எந்த ஓட்டைக்கு உரியது என்று தெரியும்வரை சோறு இறங்காத ஆள். நல்ல குணம்தான். நல்ல குணமும் சில சமயம் ஆளைக் கொண்டுபோய்க் குழியில் இறக்கிவிடும்.

ஆனந்தன் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் ஏழு வருஷமாக வேலை பார்த்தான். பாடியில் டாக்டர் சண்முகசுந்தரம் நடத்திவந்த தர்மாஸ்பத்திரியின் கம்ப்யூட்டரை மட்டும் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொடுத்தான். அதற்குக் காரணம் அவன் அண்ணன் தங்கவேல்.

தங்கவேல் பாடியில் ஒரு பவுண்டரியில் மணல் ஷெட்டில் வேலை செய்தான். வார்த்தெடுத்த இரும்பின் மேல் காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுத்தம் பண்ணுகிற இடம் அது. எட்டு மணி நேரமும் புழுதி. மூக்கில் ஒரு துண்டு, அதுதான் பாதுகாப்பு. அப்பாவும் அம்மாவும் வெள்ளானூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியவன் தங்கவேல். அந்தச் சம்பளத்தில்தான் ஆனந்தன் டிப்ளமோ படித்தான். பதிமூன்று வருஷ மணலுக்குப் பிறகு இப்போது மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிடுகிறான் தங்கவேல். வயது நாற்பத்தொன்று.

பவுண்டரி டாக்டரைக் கேட்டால் பீடி என்பார். தங்கவேல் பீடி குடிப்பதில்லை என்றால் டி.பி. என்பார். சண்முகசுந்தரம் அப்படி விடுகிற மனுஷர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஷெட் ஆட்களை எல்லாம் வரவழைத்து ஒரு குழாயை ஊதச் சொல்வார். மூச்சை இழுத்து ஒரே மூச்சாக ஊத வேண்டும். முள் நிற்கிற இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வார். ஆட்கள் அதற்கு நாயனம் என்று பேர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு நாயனம் ஊதணும்பா, நேரமா கெளம்பறேன்" என்பார்கள்.

ஒரு வருஷத்து எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஒருவனுக்குப் பிறவியிலேயே மூச்சு கம்மியாக இருக்கலாம். வருஷா வருஷம் எண் எப்படி இறங்குகிறது என்பதுதான் சாட்சி. தங்கவேல் எண்பத்தெட்டில் ஐநூற்று இருபது ஊதினான். தொண்ணூற்றாறில் இருநூற்று நாற்பது. அவனோடு சேர்த்து இப்படி இருபத்து மூன்று பேர். ஒன்பது வருஷம் இப்படிச் சேர்த்த எண்கள் இருக்கிற தைரியத்தில் டாக்டர் தொழிற்சாலை ஆய்வாளரிடம் போனார். இவர்களை மணலை விட்டு எடுத்து கேட்டிலோ ஸ்டோரிலோ போடுங்கள், வேலையை விட்டுத் துரத்தாதீர்கள் என்பதுதான் மனு. விசாரணைக்கு நாள் குறித்து, எண்களை அன்றைக்குத் தாளில் கொண்டுவரச் சொன்னார்கள். அதுவரை அந்த இருபத்து மூன்று பேரையும் ஷெட்டுக்குள் அனுப்பக் கூடாது என்று வாய்வார்த்தையாக ஒரு ஏற்பாடும் ஆனது.

எண்கள் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. முதலில் அட்டைகளில் எழுதி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை யாரோ ஒரு புண்ணியவான் தானமாகக் கொடுத்த பிறகு, ஆஸ்பத்திரியில் ரிக்கார்டு பார்க்கிற வசந்தா ஒரு வருஷம் உட்கார்ந்து அத்தனையையும் தட்டி ஏற்றினாள். அட்டைகள் பின்னறையில் கிடந்தன. போன ஆனியில் பேய்மழை பெய்தபோது அந்த அறையில் இடுப்பளவு தண்ணீர். அட்டைகள் கூழாகிப் போயின. ஆட்களிடம் சீட்டு ஏதாவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை. சட்டைப்பையில் இந்த ஆஸ்பத்திரிச் சீட்டோடு பவுண்டரி கேட்டில் மாட்டினால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் யாரும் வாங்கிக்கொள்வதே இல்லை.

*

தை மாதம் ஒருநாள் கம்ப்யூட்டரின் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. தகர டப்பாவில் கூழாங்கல் உருள்கிற சத்தம். ஆனந்தன் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். இருநூறு எம்.பி. டிஸ்க். அதைப் போலவே இன்னொன்று கேட்டு ரிச்சி தெருவுக்குப் போனான். கடைக்காரன் சிரித்தான்.

"இருநூறா? அத மீசியத்துல போய்க் கேளு தலீவா. இப்போ சின்னதுன்னாலே ரெண்டு ஜி.பி.தான்."

அதை வாங்கி வந்து மாட்டினான். இரண்டாயிரத்துச் சொச்சம் காட்ட வேண்டிய இடத்தில் ஐநூற்று நாலு என்று காட்டியது. அந்த மெஷின் பழசு. அதை ஓட்டுகிற டாஸ் புரோகிராமும் பழசு. அதைச் செய்தவர்கள் காலத்தில் இத்தனை பெரிய டிஸ்க் ஒன்று வரும் என்று யாரும் கனவுகூடக் கண்டிருக்கவில்லை. தனக்குத் தெரிந்த எல்லைவரை எண்ணிவிட்டு மெஷின் நின்றுகொண்டது. மீதி முக்கால்வாசி டிஸ்க் அதன் கண்ணுக்கு இல்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நம்ம ரிக்கார்டு மொத்தமும் எவ்வளவுப்பா வரும்?"

"முப்பது எம்.பி.கூட வராது சார்."

"அப்புறம் என்ன? ஐநூறு போதாதா? நம்ம ஜனங்க மூச்சைப் போட்டு வைக்க இது தாராளம்."

"வாங்கின சாமான முழுசா காட்ட வைக்கலன்னா என் வேலை இன்னா வேலை சார்?" என்றான் ஆனந்தன்.

இந்த ஒரு வாக்கியத்தை அவன் பிற்பாடு எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை.

டிஸ்க்கோடு ஒரு பிளாப்பியும் சின்னப் புத்தகமும் வந்திருந்தன. அந்த பிளாப்பியில் ஒரு புரோகிராம். அது டிஸ்க்கின் தலைவாசலில், முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெஷினைப் போட்டதும் டாஸ் எழுந்திருக்கும் முன்பே இது எழுந்து, டிஸ்க்கின் நிஜமான அளவை டாஸுக்கு எடுத்துச் சொல்லும். காது மந்தமான பெரியவருக்குப் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்கிற ஆளைப் போல. ஆனந்தன் அதைப் போட்டான். திரையில் இரண்டாயிரத்துச் சொச்சமும் வந்து நின்றது.

"வசந்தாம்மா, இங்க வா, வந்து பாரு!" என்று கத்தினான். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அவளுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் வந்து பார்த்துச் சிரித்தாள்.

கிடைத்த இடத்தை அவன் இரண்டாகப் பிரித்தான். ஒரு பாதியில் ரிக்கார்டு. தினமும் சாயந்திரம் அதை மறு பாதிக்கு நகல் எடுக்க ஒரு கட்டளை எழுதிக் கொடுத்தான். "இனிமே பிளாப்பில காப்பி எடுக்கற வேலையே வேணாம். ஒண்ணு போனா இன்னொண்ணு கீது." வசந்தா அதுவரை வாரத்துக்கு ஒரு தடவை பதினாலு பிளாப்பிகளில் பொறுமையாக நகல் எடுத்துக்கொண்டிருந்தவள். அந்தப் பெட்டியை அலமாரி மேல் தூக்கிப் போட்டாள். அசலும் நகலும் ஒரே வீட்டில் படுத்துக்கொண்டால் வீடு பற்றும்போது இரண்டும்தான் எரியும். சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற சங்கதி. டிப்ளமோ படித்தவனுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. பழைய டிஸ்க் அடுத்த வாரமே சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. அதற்காக யாரும் கவலைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் செய்தான். பிளாப்பியை உள்ளே வைத்துக்கொண்டு மெஷினைப் போடக் கூடாது. போட்டால் மெஷின் பிளாப்பியிலிருந்து எழுந்துவிடும், தலைவாசலில் இருக்கிற ஆள் எழுந்திருக்க மாட்டான், டிஸ்க்கில் இருப்பதெல்லாம் தாறுமாறாகத் தெரியும். வசந்தா அதைத் தன் மணிமணியான கையெழுத்தில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டினாள். அன்றிலிருந்து அவள் அந்தத் தவறை ஒரு நாளும் செய்யவில்லை.

*

விசாரணை வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. முந்தின வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஆனந்தன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். எஸ்டேட் பூராவும் அப்போது வைரஸ் பேச்சு. பிளாப்பி வழியாகப் பரவி, எழுதினதை எல்லாம் தின்றுவிடுகிற ஜாதி. அந்த வாரம் மட்டும் அவன் ஐந்து ஆபீஸில் அதைப் பிடித்து அழித்திருந்தான். வசந்தா புதன்கிழமை ஒரு பிளாப்பியை முகப்பேரில் ஒரு பிரிண்ட் கடைக்கு எடுத்துப் போய், மனுவின் முதல் பக்கத்தை நல்ல தாளில் அச்செடுத்து வந்திருந்தாள்; எண்களைச் சனிக்கிழமை எடுப்பதாக இருந்தது. அந்தக் கடை விஷயத்தைக் கேட்டதும் ஆனந்தன் பையைக் கீழே வைத்தான்.

"கண்ட கடைல குடுத்தியா? அந்த பிளாப்பிய திருப்பி இதுல போட்டியா?"

"போட்டேன். ஆனா மெஷின் ஆன் ஆனப்புறம்தான் போட்டேன், நீங்க சொன்ன மாதிரி" என்றாள்.

"எழுந்துரு. நான் பாக்கறேன்."

அவன் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. சந்தேகப்பட்ட மெஷினை அதன் டிஸ்க்கிலிருந்து எழுப்பவே கூடாது. முதலில் உன் பையில் இருக்கிற சுத்தமான பிளாப்பியைப் போடு, அதிலிருந்து மெஷினை எழுப்பு, பிறகு சோதி. ஏழு வருஷம், தினம் நாலு மெஷின். கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற யாராவது யோசிக்கிறார்களா? கால் தானாகக் கழற்றும். அதே மாதிரி ஆனந்தனின் கை தன் பிளாப்பியை எடுத்து உள்ளே தள்ளி ஸ்விட்சைப் போட்டது. வசந்தா ஒட்டின தாள் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. அதை அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான், படிக்கவில்லை. வசந்தா படித்தாள். ஆனால் எழுதச் சொன்ன ஆளே செய்யும்போது அவள் என்ன சொல்வாள்?

சோதிக்கிற புரோகிராம் ஓடியது. அரை நிமிஷத்தில் பீப் என்று நின்றது. டிஸ்க்கின் முதல் இடத்தில் அறியாத வைரஸ் ஒன்று இருக்கிறது, நீக்கவா, வேண்டாமா?

"பாத்தியா! நான் இன்னிக்கு வந்தேனோ பொயச்சோம்" என்றான். ஆம் என்பதற்கு ஒய் என்ற எழுத்தைத் தட்டினான். நீக்கியாயிற்று என்றது திரை. அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

பிளாப்பியை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி போட்டான். மெஷின் எழுந்திருக்கவில்லை. டிஸ்க் இல்லை என்றது. திரும்பப் போட்டான். இல்லை. வைரஸ் போகிற போக்கில் தலைவாசலில் இருந்த புரோகிராமையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தான். டிஸ்க்கோடு வந்த பிளாப்பியைத் தேடி எடுத்துப் போட்டான். மூன்று வழிகள் காட்டியது. முதல் வழி போன தடவை அவன் போனது, கைக்குப் பழகினது. அதைத் தட்டினான். தயார் செய்கிறேன் என்று சொல்லி ஒரு நீலப் பட்டை மெதுவாக நீண்டுகொண்டே போனது. முடிந்ததும் இரண்டாயிரத்துச் சொச்சமும் முழுசாக வந்து நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒன்றுமில்லை. மறு பாதியைக் கேட்டான். அதிலும் ஒன்றுமில்லை.

அப்போதுதான் அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்தான். வாங்கின நாளில் அதில் இரண்டு பக்கம் படித்ததோடு சரி. பதினோராம் பக்கத்தில் இருந்தது. தலைவாசலில் உட்காருகிற இந்தப் புரோகிராமைச் சில வைரஸ் சோதனைகள் வைரஸ் என்று தவறாகச் சொல்லக்கூடும், நீக்க வேண்டாம். தவறி நீக்கிவிட்டால் மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுக்கவும், தகவல் எதுவும் அழியாது. முதல் வழி புது டிஸ்க்குக்கு மட்டும். அதில் பழையதெல்லாம் அழியும்.

வைரஸே இல்லை. அவன் பிடித்து அழித்தது அவனே கொண்டுவந்து உட்கார வைத்த ஆளை.

"என்னாச்சு ஆனந்தன்?" என்று வசந்தா கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான். அதற்குள் அவளே, "எல்லாத்தையும் தின்னுடுச்சா? கடவுளே, நான் அந்தக் கடைக்குப் போயிருக்கவே கூடாது" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஆனந்தன் வாயை மூடிக்கொண்டான். டாக்டருக்கு அவள்தான் போன் பண்ணினாள். "சார், வைரஸ் சார். என்னாலதான் சார். ஆனந்தன் எவ்வளவோ பார்த்தாரு சார்." அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். மனுஷன் வாயைத் திறக்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. அது கடந்துபோவதை அவன் கண்ணாலேயே பார்த்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் டிஸ்க்கைத் துருவினான். கிடைத்தது கொஞ்சம் பெயர்கள், ஒரு சில தெருக்கள், நடுவில் அறுந்த தேதிகள். எண் என்று ஒன்றும் சேர்ந்தாற்போல் இல்லை. பதினாலு பிளாப்பிகளைத் தூசி தட்டி எடுத்துப் போட்டுப் பார்த்தான். அலமாரி மேல் நாலு மாதம் புழுக்கத்தில் கிடந்ததில் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஒன்றுகூடப் படிக்கவில்லை.

*

விசாரணையில் ஆய்வாளர் மரியாதையாகவே பேசினார். அது இன்னும் மோசமாக இருந்தது. "டாக்டர், நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் நம்பி என்ன சார்? எனக்குத் தாள் வேணும்" என்றார். பவுண்டரி தரப்பில் வந்திருந்தவர் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. முடிவு இப்படி ஆனது: இந்த வாரமே புதிதாக ஒரு தடவை ஊதட்டும். அதை முதல் பதிவாக வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒன்றாக மூன்று பதிவு சேர்ந்ததும் மறுபடி வாருங்கள். அதுவரை ஆட்கள் அவரவர் பழைய வேலையைப் பார்க்கட்டும்.

வெளியே வந்ததும் தொழிற்சங்கத்து முனியன் ஆனந்தனின் தோளில் கையைப் போட்டான். அவனும் மணல் ஷெட்தான், எண்ணூறு அடி நடந்தால் நாலு தடவை நிற்பான். "உடு நைனா. ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம நீ பாடுபட்டத வசந்தா சொல்லிச்சு. எங்க தலயெழுத்துக்கு நீ இன்னா பண்ணுவே?" என்றான். வார்த்தை ஒவ்வொன்றும் ஆனந்தனுக்கு அடி மாதிரி விழுந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பான்.

சனிக்கிழமை ஆட்கள் ஊதினார்கள். வசந்தா கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன் என்றதால் அன்றைக்கு ஆனந்தனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். டாக்டர் எண்ணைச் சொல்லச் சொல்ல ஏற்றினான். தங்கவேல் வந்தான். குழாயை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடி ஊதினான். கழுத்து நரம்பு புடைத்தது. இருமல் வந்து குனிந்துவிட்டான். முள் நகர்ந்து நின்றது.

"இருநூற்றுப் பத்து" என்றார் டாக்டர்.

ஆனந்தன் தட்டினான். ரிக்கார்டு ஏற்றுகிற புரோகிராம் ஒவ்வொருவருக்கும் முதல் பதிவை முழு அளவாக வைத்துக்கொண்டு, அதில் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். போன வருஷம் தங்கவேலின் பேருக்கு எதிரே நாற்பத்தாறு என்றிருந்தது. இப்போது நூறு என்றது. இருபத்து மூன்று பேருக்கும் நூறு. சாகக் கிடக்கிற மனுஷர்கள் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு.

தங்கவேல் வாயைத் துடைத்துக்கொண்டு தம்பியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "நூறா? பரவால்லியேடா" என்று சிரித்தான். ஆனந்தனால் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய், அண்ணி நாகவல்லி போட்ட சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

*

திங்கட்கிழமை காலை தங்கவேல் மறுபடி மணல் ஷெட்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது என்பதால் ஆனந்தன் தன் டி.வி.எஸ். ஐம்பதில் கொண்டுபோய் விட்டான். ஏழே முக்காலுக்கே பவுண்டரி கேட் வந்துவிட்டது. எதிரே லாரிகள் வரிசையாக நின்றன. தங்கவேல் இறங்கி, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாக மடித்தான், மூக்கில் கட்டுவதற்கு.

அதைப் பார்த்ததும் ஆனந்தன் வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்கினான். இனி அடக்க முடியவில்லை.

"அண்ணாத்தே, வைரஸ் இல்ல."

"இன்னாது?"

"வைரஸே இல்ல. நான்தான் அழிச்சேன். மெஷினுக்கு டிஸ்க் முழுசா தெரியறதுக்கு நானே ஒரு புரோகிராம் போட்டு வச்சிருந்தேன். அதையே வைரஸ்னு நெனச்சித் தூக்கிட்டேன். அப்பவும் உள்ள எல்லாம் அப்டியேதான் இருந்துது. அவசரத்துல தப்பான பட்டனத் தட்டி மொத்தத்தயும் தொடச்சிட்டேன். புக்குல எழுதிகீது, நான் படிக்கல. அவ்ளோ பெரிய டிஸ்க்கு நமக்குத் தேவையே இல்ல. டாக்டரு அன்னிக்கே போதும்னாரு. நான்தான் கேக்கல."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்று இருந்தது.

தங்கவேல் அடிக்கவில்லை. மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தான். பிறகு, "வசந்தாக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"அது தன்னாலதான்னு நெனச்சிகினு கீது."

"ஆமா."

"சனிக்கெயம நான் வெளிய வரச்சொல்ல வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. என் கையப் புடிச்சிகினு அயுதுச்சுடா. மன்னிச்சிடுங்கண்ணா, உங்க உசுர நான் கொண்டுபோய் கண்ட கடைல குடுத்துட்டேன்னு சொல்லிச்சு. எனக்கு ஒரு பக்கம் கோவம்தான். இருந்தாலும் மழைல நனஞ்ச கோழி கணக்கா நடுங்குது, இன்னா பண்றது? சரிம்மா, மன்னிச்சிட்டேன், போன்னு தலைல கைய வச்சி சொல்லிட்டு வந்தேன்." இருமல் வந்தது. வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது. "கீறதெல்லாம் தொடச்சி எட்த்து அதுக்குக் குட்த்துட்டேன்டா. இப்போ உனக்குக் குடுக்க எங்கைல ஒண்ணும் இல்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் தீர்ந்துபோனதைச் சொல்கிறவன் மாதிரி, இருக்கிற விஷயத்தைச் சொன்னான்.

எட்டு மணிச் சங்கு ஊதியது. ஆட்கள் கேட்டை நோக்கி நகர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் வந்த முனியன் ஆனந்தனைப் பார்த்துக் கையை உயர்த்தினான். "தம்பி தங்கமான தம்பிப்பா. நீ குட்த்து வச்சவன் தங்கவேலு" என்று சொல்லிக்கொண்டே போனான்.

"ஆமா" என்றான் தங்கவேல்.

துண்டை மூக்கில் வைத்துப் பின்னால் இறுக்கி முடிந்தான். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து மெதுவாக உள்ளே நடந்தான். கேட்டைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் இரண்டு தடவை நின்றான். ஆனந்தன் அவன் ஷெட்டுக்குள் மறையும்வரை பார்த்துவிட்டு வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான். வசந்தா ஒன்பது மணிக்குத்தான் வருவாள். ஒரு மணி நேரம் அந்தப் பூட்டின கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான்.